மூட்டு நழுவல்: சொல் விளக்கம்

உடல்நலக் கட்டுரை, காணொளி எதைத் திறந்தாலும் 'விரல் மூட்டு இடப்பெயர்ச்சி' என்றே வருகிறது. மூட்டில் பொருந்தியிருக்கும் எலும்புகள் பிரிந்துவிடுவதை ஆங்கிலத்தில் டிஸ்லொகேஷன் என்பார்கள். அந்தச் சொல்லை இரண்டாக உடைத்து, 'லோகஸ்' என்றால் லத்தீனில் இடம், 'டிஸ்' என்றால் விலக என்று பார்த்து ஒட்டிய சொல் இது.

சரி, ஒட்டியதால் என்ன கெட்டது? எலும்பு முறிந்து, முறிந்த துண்டும் நகர்ந்திருந்தால் மருத்துவர்கள் அதை டிஸ்பிளேஸ்டு ஃபிராக்சர் என்பார்கள். அதையும் 'இடம்பெயர்ந்த முறிவு' என்றே மொழிபெயர்க்கிறார்கள். முதலாவதில் மூட்டில் பொருந்தியிருந்த இரண்டு எலும்புகள் பிரிகின்றன, எலும்பு முழுசாகவே இருக்கலாம். மற்றதில் ஒரே எலும்பு உடைந்து விலகுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ரிப்போர்ட்டைப் படிப்பவருக்கு என்ன விளங்கும்? போதாக்குறைக்கு இயற்பியல் பாடத்தில் வேறு ஓர் இடப்பெயர்ச்சி, பஞ்சாங்கத்தில் குருப்பெயர்ச்சி!

நம்மிடம் 'நழுவல்' இருக்கிறது. பிடியிலிருந்து வழுக்கிப் போவதுதான் நழுவுதல். மூட்டில் நடப்பதும் அதுவே. பந்து பட்டு விரலின் நடுமூட்டு நழுவினால், பெரும்பாலும் நடு எலும்பின் அடிப்பகுதி அடி எலும்பின் தலைமேல் ஏறி, புறங்கைப் பக்கமாக உட்கார்ந்துவிடும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இது பளிச்சென்று தெரியும், நேர்ப்படத்தில் மட்டும் பார்த்தால் தவறிவிடலாம், அதனால்தான் நேராக, சாய்வாக, பக்கவாட்டாக என்று மூன்று படம் எடுக்கிறார்கள். பாதி விலகி மீதி ஒட்டியிருந்தால் 'அரை நழுவல்'. துண்டு நகர்ந்ததை 'விலகிய முறிவு' என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

'பிசகு' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் ஊரில் சுளுக்கையும் பிசகு என்கிறோம். சுளுக்கில் அடிபடுவது எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் நார். அதனால் நோய்ப்பெயராக அது ஒத்துவராது.

அப்புறம், "முறிவு இல்லை, லேசான விரிசல்தான்" என்று எழுதுகிறார்களே, அது இன்னும் மோசம். விரிசலும் முறிவுதான், 'விரிசல் முறிவு' என்றே எழுத வேண்டும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் ஸ்காஃபாய்டு எலும்பில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. அங்கே அழுத்தினால் வலித்தால், முறிவு என்றே வைத்துக் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அந்த எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அசட்டையாக விட்டால் முறிவு கூடாமலே போய்விடலாம். 'விரிசல்தான்' என்று படித்தவர் அந்தக் கட்டை எத்தனை நாள் அவிழ்க்காமல் வைத்திருப்பார்?