நீல மூடிக் குழாயில் ஒரு கோடு இருக்கிறது

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுவனின் ரத்த மாதிரி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாளாகக் கசிவு நிற்கவில்லை. ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான ஃபேக்டர் எட்டின் அளவைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு. நீல மூடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கோடு வரை வர வேண்டிய ரத்தம் பாதிக்குச் சற்று மேலேயே நின்றிருந்தது. புதிதாக எடுக்கச் சொல்லிவிட்டேன்.

"மறுபடியும் ஊசியா மேடம்?" என்று அவன் அம்மா கேட்டபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேறு வழியில்லை.

அந்தக் குழாயில் முன்கூட்டியே சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் இருக்கும். நாங்கள் பிளாஸ்மாவைப் பிரித்து, கால்சியம் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்க்கிறோம். ரத்தம் குறைவாக இருந்தால் மிஞ்சிய சிட்ரேட், நாங்கள் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறையும் நேரம் நீளும். இல்லாத குறை இருப்பதுபோல் தெரியும்.

ஃபேக்டர் எட்டு பொதுவாக 50 முதல் 150 சதவீதம் இருக்கும். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் கடுமையான ஹீமோஃபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்), 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் 40 வரை லேசானது. மருந்தின் அளவும் இந்த எண்ணை ஒட்டித்தான். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு யூனிட் ஃபேக்டர் எட்டு ஏற்றினால் சுமார் 2 சதவீதம் கூடும். 20 கிலோ குழந்தைக்கு 40 சதவீதம் கூட்ட 400 யூனிட் வேண்டும். எண் தப்பினால் மருந்தும் தப்பும்.

எடுத்த ரத்தத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் வைக்கிறார்கள், ஆனால் குளிரில் ஃபேக்டர் எட்டும், ரத்தம் உறைய உதவும் இன்னொரு புரதமான வான் வில்லிபிராண்ட் ஃபேக்டரும் குறைந்துவிடும். அறை வெப்பநிலையிலேயே 4 மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்து சேரட்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. காய்ச்சல், கர்ப்பம், கடும் பதற்றம், ஏன், குழந்தை வீறிட்டு அழுதாலே இந்த இரண்டும் உயரும். மாதவிடாயில் வருடக்கணக்காக அதிக ரத்தப்போக்கோடு தவிக்கும் பெண்ணிடம், ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவது எனக்கு ஏற்பில்லாத விஷயம். வான் வில்லிபிராண்ட் நோய் அப்படித்தான் தப்பிவிடுகிறது. உடம்பு சரியான பிறகு இன்னொரு முறை பார்க்கக் கேளுங்கள்.

அப்புறம், ஹீமோஃபிலியாவுக்கான எமிசிஸுமாப் ஊசி போடுபவர்கள் அதைச் சீட்டில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். உறையும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி முறையில் பார்த்தால் ஃபேக்டர் எட்டு பொய்யாக உயர்ந்து காட்டும். கடைசி ஊசிக்குப் பிறகும் சில மாதங்கள் இந்தத் தாக்கம் இருக்கும். அவர்களுக்கு மாட்டுப் புரதம் கொண்ட குரோமோஜெனிக் (நிறமாற்றத்தை வைத்து அளக்கும்) சோதனையே சரி.

அந்தச் சிறுவனுக்கு அன்றைக்கே கோடு வரை நிரம்பிய குழாய் வந்தது. ஃபேக்டர் எட்டு 11 சதவீதம். லேசான ஹீமோஃபிலியா. விவரம் கேட்டபோதுதான் அம்மா சொன்னார், அவருடைய தம்பிக்கும் சின்ன வயதில் அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காதாம். அந்தத் தம்பியையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.