யார் படுக்க இந்த பெட்ஷீட்?

"1000 த்ரெட் கவுண்ட், 800 ரூபாய்தான் போட்டிருக்கான். வாங்கலாங்களாண்ணா?" என்று செல்போனில் படம் அனுப்பிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். கரூரில் ஏற்றுமதிக்குப் போகும் வீட்டு உபயோகத் துணிகளுக்குத் தரம் பார்ப்பது என் வேலை என்பதால், சொந்தபந்தம் அக்கம்பக்கம் எல்லோருக்கும் பெட்ஷீட் சந்தேகத்துக்கு நான்தான் ஆள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் யார் படுக்கப் போகிறார்கள்?

அதற்குப் பதில் வருவதற்குள் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் எண்ணிக் கூட்டினால் வருவது த்ரெட் கவுண்ட். பிக் கிளாஸ் என்கிற சின்ன லென்ஸைத் துணிமேல் வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகத் தள்ளி எண்ணுவோம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் நூலில் பாவு 133, ஊடை 72 என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம், கூட்டினால் 205. அறுபதாம் நம்பர் நூலில் 173, 120 போட்டால் 293. அதைத்தான் 300 என்று விற்கிறார்கள். எவ்வளவு மெல்லிய நூலாக இருந்தாலும் ஓர் அங்குலத்துக்குள் எத்தனைதான் அடங்கும்? அப்புறம் 1000 எப்படி வருகிறது என்றால், இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக ஓட்டிவிட்டு, கணக்கில் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக எழுதிக்கொள்கிறார்கள். 800 ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் அந்தப் பருத்திகூட இல்லை, பாலியஸ்டர் மைக்ரோஃபைபர். அதன் உறையில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது.

நம் ஊர் வெக்கைக்கு 200 முதல் 300 வரை உள்ள பருத்தித் துணி தாராளம். அதிலும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஓடும் சாதா நெசவு நல்லது. கொஞ்சம் மொறமொறப்பாக இருக்கும், உடம்பில் ஒட்டாது. சாட்டின் நெசவில் நூல் நாலைந்து நூலைத் தாண்டித்தான் கீழே இறங்கும். அதனால்தான் அந்தப் பளபளப்பும் வழவழப்பும். ஏசி அறைக்குச் சரி. ஆனால் கொலுசும் கால் நகமும் மாட்டினால் நூல் இழுத்துக்கொள்ளும்.

மைக்ரோஃபைபரை நான் அடியோடு ஒதுக்க மாட்டேன். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது வசதி. ஒரு வாளித் தண்ணீரில் அலசினால் சட்டென்று காயும், இஸ்திரி வேண்டாம். ஆனால் பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாலியஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. மே மாதத்தில் கரண்ட் போன இரவில் வேர்வை அப்படியே முதுகில் நிற்கும். வேர்க்குரு வரும் குழந்தையை அதில் படுக்க வைக்காதீர்கள்.

உறையில் 'காட்டன் ஃபீல்', 'கிளேஸ் காட்டன்' என்று இருந்தால் உஷாராகிவிடுங்கள். முழுப் பருத்தி என்றால் அப்படியே எழுதிவிடுவார்களே, எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? வாங்கி வந்துவிட்டீர்கள், சந்தேகம் தீரவில்லை என்றால் ஓரத்தில் நாலைந்து நூலை உருவி, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பலை ஊதினால் பறந்துவிடும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிடும். சாம்பலைத் தேய்க்கும்போது நறநறவென்று கட்டி தட்டுப்பட்டால் இரண்டும் கலந்த நூல்.

படுத்த படுக்கையாகப் பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டில்தான் விரிப்பு உண்மையிலேயே முக்கியமாகிறது. மெத்தை நனையக் கூடாது என்று ரெக்சினைப் போட்டு, அதன்மேல் ஒரு பூப்போட்ட பாலியஸ்டர் விரிப்பைப் போட்டுவிடுகிறார்கள். அது விரிப்பு அல்ல, தொல்லை. ஈரம் போக வழியில்லாமல் தோல் ஊறும். ஊறிய தோலில் துணியின் சுருக்கம் அழுந்தினால் படுக்கைப்புண்ணுக்கு அதுவே ஆரம்பம். மெத்தைக்கு எலாஸ்டிக் வைத்த, நீர் புகாத உறை போடுங்கள். மேல்பக்கம் துண்டு போன்ற டெரி துணியும் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமும் ஒட்டியதாக இருந்தால் ரெக்சின் அளவுக்குப் புழுங்காது. அதன்மேல் சாதா நெசவுப் பருத்தி விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு, இடுப்புப் பகுதிக்குக் குறுக்கே தனியாக ஒரு துணி போடுங்கள். மருத்துவமனையில் டிரா ஷீட் என்பார்கள். நனைந்தால் அதை மட்டும் உருவி மாற்றலாம், முழுப் படுக்கையையும் கலைக்க வேண்டியதில்லை. இதற்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டியை மிஞ்ச எந்தக் கடைத் துணியாலும் முடியாது. வெளிர் நிறமாக இருந்தால் நீர்க்கசிவோ ரத்தமோ உடனே கண்ணில் படும். எம்பிராய்டரி வேண்டாம். நடுவில் மூட்டுத் தையல் இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். அகலம் போதாத துணியை இரண்டாகச் சேர்த்துத் தைத்து விற்பதுண்டு, அந்தத் தையல் சரியாக முதுகெலும்புக்குக் கீழே வரும். இத்தனையும் செய்தாலும் அவரை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைக்கத்தான் வேண்டும்.

ஆஸ்துமாவோ தும்மலோ இருப்பவர் என்றால் கேள்வி வேறு: இந்தத் துணி வெந்நீரைத் தாங்குமா? மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும் தூசிப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. 60 டிகிரி வெந்நீரில் வாராவாரம் துவைத்தால்தான் சாகும். அதனால் கனத்த போர்வை, ரஜாய் என்று துவைக்கச் சோம்பல் வரும் எதையும் அந்தக் கட்டிலில் வைக்காதீர்கள். பவானி ஜமக்காளம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதைக் கூடத்தில் விரியுங்கள், விருந்தாளிகள் உட்காரட்டும்.

அளவில் ஏமாறுவதும் நிறைய. 6 அடி அகலக் கட்டில், 8 அங்குல மெத்தை என்று வைத்துக்கொள்வோம். 72 அங்குலம், இரு பக்கமும் இறங்க 8, 8, மொத்தம் 88. கடைக்காரர் 'டபுள்' என்று தரும் 90 அங்குல விரிப்பில் செருகுவதற்குப் பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் மிச்சம். முதல் துவைப்பில் பருத்தி 5 சதவீதம் சுருங்கினால் 85 சொச்சத்துக்கு வந்து நிற்கும், ராத்திரியெல்லாம் உருவிக்கொண்டே இருக்கும். 108க்கு 108 வாங்குங்கள். சுருங்கிய பிறகும் பக்கத்துக்கு 7 அங்குலம் செருகலாம். பெரிய விரிப்பைக் கையால் துவைப்பது சிரமம்தான். மெஷின் இல்லாத வீட்டில், தனித்தனிக் கட்டிலாக இருந்தால், 60க்கு 90 சிங்கிளாகவே வாங்கிக்கொள்வது துவைப்பவருக்குப் புண்ணியம். சென்னிமலைக் கைத்தறி விரிப்பு கோ-ஆப்டெக்ஸில் இந்த அளவில் கிடைக்கும், நன்றாக உழைக்கும்.

சாயம் போகாமல் இருக்கக் கல்லுப்பில் ஊறவைக்கச் சொல்வார்கள். உப்பு சாயப்பட்டறையில் சாயத்தை நூலுக்குள் ஏற்ற உதவுவது. போகிற சாயத்தை வீட்டு வாளியில் அது பிடித்து நிறுத்தாது. அதற்குப் பதில் கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொண்டுபோய், ஒரு மூலையை நனைத்து, அடர் நிறம் இருக்கும் இடத்தில் பத்து தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.