மேத்ஸ்-1 அசைன்மென்ட்: கையில் இருக்கும் 16 மதிப்பெண்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பொறியியல் முதல் செமஸ்டரில், ஏறத்தாழ எல்லாப் பிரிவு மாணவர்களும் ஒரே கணிதப் பாடத்தைத்தான் படிக்கிறார்கள். 2021 ஒழுங்குமுறையின் (2021 முதல் சேர்ந்தவர்களுக்கான பல்கலைக்கழகப் பாட, தேர்வு விதித்தொகுப்பு) பாடத்திட்டத்தில் அதன் பெயர் அணிகளும் நுண்கணிதமும், குறியீடு எம்ஏ 3151. வகுப்பில் எல்லோருக்கும் அது எம்-1 அல்லது மேத்ஸ்-1. முதல் செமஸ்டரில் அரியர் என்றாலே பல வீடுகளில் ஞாபகத்துக்கு வருவது இந்தப் பாடம்தான். அந்த அரியர்களில் ஒரு பகுதி நவம்பர், டிசம்பரில் தேர்வறையில் விழுவதில்லை. செப்டம்பர், அக்டோபரிலேயே, கொடுக்காமல் விட்ட அசைன்மென்ட்டில் விழுந்துவிடுகிறது. எப்படி என்று கணக்கோடு பார்க்கலாம்.

இங்கே சொல்வதெல்லாம் 2021 ஒழுங்குமுறையில், தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கானது. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்கெனத் தனி ஒழுங்குமுறை உண்டு. கிண்டி, குரோம்பேட்டை போன்ற பல்கலைக்கழக வளாகங்களுக்கும் தனி விதிகள். 2021-க்குப் பிறகு வந்த ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்கள் தங்கள் கையேட்டில் இதே பகுதியைத் தேடிப் படியுங்கள். எண்கள் மாறலாம், கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது.

ஒரு தியரி பாடத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் 60 பல்கலைக்கழகம் நடத்தும் செமஸ்டர் தேர்வுக்கு, 40 கல்லூரி போடும் இன்டர்னலுக்கு. 2017 ஒழுங்குமுறையில் இன்டர்னல் வெறும் 20 தான். அதனால் "இன்டர்னல் எல்லாம் சும்மா, செமஸ்டர்ல பாத்துக்கலாம்" என்று அந்தக் காலத்தில் படித்த அண்ணன் யாராவது சொன்னால், அவர் சொல்வது அவர் படித்த காலத்துக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லை. பள்ளிப் பழக்கமும் இங்கே உதவாது. பிளஸ் டூ கணிதத்தில் அகமதிப்பீடு 100-க்கு 10 மட்டும். அது எப்படியோ கிடைத்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலான பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். இங்கே அது நான்கு மடங்கு, தானாகக் கிடைப்பதும் இல்லை.

அந்த 40 எப்படி வருகிறது? செமஸ்டரில் இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100-க்கு. ஒவ்வொரு 100-லும் எழுத்துத் தேர்வுக்கு 60, தனிநபர் அசைன்மென்ட்டுக்கு 40. அசைன்மென்ட்டுக்குப் பதிலாக செமினாரோ, சிறு புராஜெக்ட்டோ, கேஸ் ஸ்டடியோ கொடுக்கவும் விதியில் இடம் உண்டு. ஆனால் கணிதத்தில் பெரும்பாலும் தாளில் கணக்குப் போட்டுத் தருவதுதான் வழக்கம். இரண்டும் சேர்ந்து 200. அதை ஐந்தால் வகுத்து 40-க்கு மாற்றுகிறார்கள். ஆக, இரண்டு அசைன்மென்ட்டும் சேர்ந்து 80, அதாவது இறுதி மதிப்பெண்ணில் 16. இரண்டு டெஸ்ட்டும் சேர்ந்து 120, அதாவது 24.

தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேற வேண்டும். செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம், அதாவது 60-க்கு 27. அப்புறம், இன்டர்னலும் செமஸ்டரும் சேர்ந்து 50. செமஸ்டர் வினாத்தாள் 100-க்கு நடக்கும், அதை 60-க்கு மாற்றுவார்கள். எனவே தாளில் 45 வாங்கியாக வேண்டும், இன்டர்னல் 40-க்கு 40 இருந்தாலும்.

இப்போது ஒரு சாதாரண மாணவியை எடுத்துக்கொள்வோம். டெஸ்ட்டில் பாதிதான் வாங்குகிறாள், இரண்டிலும் 60-க்கு 30. அசைன்மென்ட்டை நேரத்துக்குக் கொடுத்து இரண்டிலும் 36 வாங்குகிறாள். கூட்டினால் 132, ஐந்தால் வகுத்தால் 26. அவள் செமஸ்டர் தாளில் 45 எடுத்தால் போதும், பாஸ். இதே மாணவி ஒரு அசைன்மென்ட்டைக் கொடுக்கவில்லை என்று வையுங்கள். மொத்தம் 96, இன்டர்னல் 19. இப்போது தாளில் 52 வேண்டும். இரண்டையுமே கொடுக்கவில்லை என்றால் மொத்தம் 60, இன்டர்னல் 12. தாளில் 64 எடுத்தால்தான் பாஸ். டெஸ்ட்டில் பாதி மதிப்பெண் வாங்கும் ஒருத்தி செமஸ்டரில் 45 எடுப்பது நடக்கக்கூடியது, 64 எடுப்பது பெரிய மலை. இரண்டு நிலைக்கும் நடுவில் இருப்பது சில தாள்களும் இரண்டு தேதிகளும்தான்.

23 என்ற எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் 23 இருந்தால் தாளில் குறைந்தபட்ச 45 போதும். 23-க்கு மேல் வாங்குவது தேர்ச்சியை மேலும் எளிதாக்காது, கிரேடை உயர்த்தும். 23 வாங்க 200-க்கு 115 வேண்டும். அசைன்மென்ட்டில் 72 வைத்திருப்பவருக்கு இரண்டு டெஸ்ட்டிலும் சேர்த்து 43 போதும், டெஸ்ட்டுக்கு ஏறக்குறைய 22. அசைன்மென்ட்டே கொடுக்காதவருக்கு 120-க்கு 115 வேண்டும். அப்படி வாங்கக்கூடியவர் அசைன்மென்ட்டையும் கொடுத்திருப்பார்.

ஃபெயிலானால் இன்னொரு சிக்கல். அரியர் எழுதும்போது செமஸ்டர் தேர்வை மட்டும்தான் மறுபடி எழுதுகிறீர்கள், முதலில் வாங்கிய இன்டர்னல் அப்படியே கூட வரும். அந்த 12, அடுத்த முறையும் 12 தான். விட்ட அசைன்மென்ட்டை ஏப்ரல், மேயில் எழுதிக் கொடுக்க வழியில்லை.

சரி, என்ன கேட்பார்கள்? பாடத்தில் ஐந்து அலகுகள்: அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையீடுகள். வாரத்துக்கு மூன்று வகுப்பும் ஒரு டுட்டோரியலும் என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த டுட்டோரியல் நேரம் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான். பல இடங்களில் அதுவும் பாடம் நடத்தவே போய்விடுகிறது. அது மாணவர்களுக்குப் பெரிய இழப்பு, கேட்டு வாங்க வேண்டிய நேரம் அது. செமஸ்டர் தாளில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, பதினாறு மதிப்பெண் வினா ஐந்து. அலகுக்கு ஒரு பதினாறு, அதிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அசைன்மென்ட் கணக்குகளும் பெரும்பாலும் இந்தப் பெரிய வினாக்களின் அளவில்தான் இருக்கும்.

ஐந்தாம் அலகில் அடிக்கடி வரும் ஒரு கணக்கைப் பாருங்கள். எக்ஸ்ஒய் என்ற சார்பைத் தொகையிட வேண்டும். உள்ளே ஒய், எக்ஸ் வர்க்கத்திலிருந்து 2 கழித்தல் எக்ஸ் வரை போகிறது. வெளியே எக்ஸ், 0-விலிருந்து 1 வரை. தொகையிடும் வரிசையை மாற்றி விடை காணச் சொல்வார்கள். விடை 3/8. இந்த 3/8 வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், மொத்த வகுப்பும் எழுதிவிடும். ஆசிரியர் பார்ப்பது படத்தை. பரவளையமும் நேர்க்கோடும் ஒய் 1 ஆகும் இடத்தில் சந்திக்கின்றன. வரிசையை மாற்றும்போது பகுதி அங்கே இரண்டாகப் பிரிகிறது. கீழ்த்துண்டில் எக்ஸ், 0-விலிருந்து ஒய்யின் வர்க்கமூலம் வரை. மேல்துண்டில் 0-விலிருந்து 2 கழித்தல் ஒய் வரை. முதலாவது 1/6, இரண்டாவது 5/24, கூட்டினால் 3/8. படம் வரையாமல் ஒரே துண்டாக எல்லை போட்டவர் எப்படி 3/8-க்கு வந்தார் என்று ஆசிரியருக்குக் கேள்வி வரும், மதிப்பெண் குறையும். படத்தைத் தன் கையால் ஒருமுறை வரைந்தவர் செமஸ்டரில் எல்லை எண்கள் மாறி வந்தாலும் போட்டுவிடுவார்.

விதியில் உள்ள சொல் தனிநபர் அசைன்மென்ட். சேர்ந்து உட்கார்ந்து பேசிப் போடுவதில் தப்பே இல்லை, கணிதம் அப்படித்தான் வரும். எழுதும்போது அவரவர் எழுத வேண்டும். சில ஆசிரியர்கள் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துக் கணக்கை மாற்றிக் கொடுப்பார்கள், அது நல்ல முறை.

2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு வருபவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களுக்கு இந்த அசைன்மென்ட் இன்னொரு வகையிலும் முக்கியம். வகையிடலும் தொகையிடலும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிளஸ் டூவில் போட்ட கணக்குதான். திணறல் வருவது ஆங்கிலக் கேள்வியைப் புரிந்துகொண்டு, படிகளை ஆங்கிலத்தில் எழுதுவதில். நேர அழுத்தம் இல்லாமல் அதைப் பழகக் கிடைக்கும் ஒரே இடம் அசைன்மென்ட். ஒரு தாளில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். பிள்ளை முதல் செமஸ்டரில் தடுமாறினால், கணிதம் வராது என்று பெற்றோரோ ஆசிரியரோ முடிவு கட்டிவிடாதீர்கள்.

எப்போது கொடுக்க வேண்டும், தாமதமானால் என்ன, எத்தனை கணக்கு, தாளிலா கூகுள் கிளாஸ்ரூமிலா என்பதையெல்லாம் கல்லூரிதான் முடிவு செய்கிறது. எனவே முதல் இரண்டு வாரத்துக்குள் ஆசிரியரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு அசைன்மென்ட்டின் கடைசித் தேதி என்ன, ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு குறைப்பீர்கள், காய்ச்சலில் படுத்தாலோ ஓ.டி.யில் (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி அனுமதியோடு) விளையாட்டுக்குப் போனாலோ என்ன செய்வது. இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. தேர்வுத் தேதிகளையும் ஒவ்வொரு மதிப்பீட்டின் மதிப்பெண் பங்கையும் மாணவர் பிரதிநிதிகளுக்குச் சொல்வது வகுப்புக் குழுவின் வேலை என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. அந்தக் குழுவில் மாணவர்களும் உண்டு. உங்கள் வகுப்புக்கு யார் பிரதிநிதி என்றே தெரியாமல் பலர் ஒரு செமஸ்டரைக் கடத்திவிடுகிறார்கள். மேத்ஸ்-1 பல பிரிவுகளுக்குப் பொதுவான பாடம் என்பதால், அதை நடத்தும் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்த பாடக் குழுவும் உண்டு. தேர்வுத்தாளை எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரி திருத்துவதற்கு அந்தக் குழுதான் பொறுப்பு. பக்கத்து செக்‌ஷனில் தாராளமாகப் போடுகிறார்கள், இங்கே இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று தோன்றினால் அதை எழுப்ப வேண்டிய இடம் அது.

வருகைப்பதிவு வேறு கணக்கு. 75 சதவீதம் இருந்தால்தான் செமஸ்டர் எழுத முடியும். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு 65 வரை சலுகை உண்டு, சான்றிதழோடு. அசைன்மென்ட் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் இதை ஈடுகட்டாது.

கொடுத்த அசைன்மென்ட்டுக்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். திருத்தி வரும்போது மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் வருகையையும் மதிப்பெண்ணையும் ஒரு பதிவேட்டில் எழுதிப் பராமரிக்க வேண்டும், துறைத்தலைவர் அதைப் பார்க்க வேண்டும். ஆக, உங்கள் மதிப்பெண் எங்கேயோ ஒரு கோப்பில் எழுத்தாக இருக்கிறது, கேட்டால் பார்க்க முடியும். இன்டர்னல் பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னால் எண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கென்றால், செமஸ்டர் விடைத்தாளுக்கு நகல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். இன்டர்னலுக்கு அந்த வழி கிடையாது. கல்லூரி மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பிறகு திருத்துவது மிகவும் கடினம். அதனால் தப்பு தெரிந்த அன்றே பாட ஆசிரியரிடம் போங்கள், படத்தைக் காட்டுங்கள். நடக்கவில்லை என்றால் வகுப்பு ஆலோசகர், அப்புறம் துறைத்தலைவர், அதற்கும் மேல் முதல்வர். துறைத்தலைவருக்குப் போகும்போது வாய்மொழியாகச் சொல்லாமல் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். பெயர், பதிவெண், எந்த அசைன்மென்ட், எந்தத் தேதியில் கொடுத்தது, பட்டியலில் என்ன இருக்கிறது, என்ன இருந்திருக்க வேண்டும். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் கடைசி வேலை நாளுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.