இல்லம் தேடிக் கல்வி: தெருவுக்கே வந்த மாலை வகுப்பு

தமிழ்நாட்டில் கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மறுபடி திறக்க 2021 நவம்பர் 1 ஆகிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனது. நடுவில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, உண்மைதான். ஆனால் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்க டிவியால் ஆகுமா?

அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதலில் 12 மாவட்டங்கள், அப்புறம் மாநிலம் முழுக்க.

தொடங்கியபோது ஏற்பாடு எளிமையாக இருந்தது. அரசுப் பள்ளியில் 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்பு. கட்டணம் வாங்கவில்லை. அதே ஊர்க்காரர் ஒருவர் தன்னார்வலராகச் சுமார் 20 பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். தொடக்க வகுப்பு என்றால் பன்னிரண்டாவது முடித்திருந்தால் போதும் என்றார்கள். 6 முதல் 8 வரை எடுக்கப் பட்டம் வேண்டியிருந்தது. வீட்டுத் திண்ணையோ சமுதாயக் கூடமோ, பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமாக இருந்தது. பாடப்புத்தகத்தை மறுபடி ஒப்பிக்க வைக்கும் டியூஷன் அல்ல இது. ஆட்டம், பாட்டு, கதை வழியாக விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் பிடிப்பதுதான் நோக்கமாக இருந்தது.

தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். அதைச் சம்பளம் என்று சொல்ல வாய் வராது. ஊக்கத்தொகை என்றே அரசும் சொன்னது. தினமும் மாலையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு இது குறைவு என்பதே என் எண்ணம்.

பலன் இருந்ததா? பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் இந்த மாலை வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள். இழப்பு அதிகம் பட்டது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. வேகமாக எட்டிப்பிடித்ததும் அவர்கள்தான்.

2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் தொடங்கியபோது, அதே வேலை பள்ளி நேரத்துக்குள்ளும் நுழைந்தது.