சத்திக் குளிசையின் சகவாசம்

பழைய மீன்குழம்பு வயிற்றைப் பிரட்டினால் வன்னியில் பலர் பாமசியில் கேட்டு வாங்குவது டொம்பெரிடோன். பத்து மில்லிகிராம் குளிசை. சாதுவானது என்று பெயர். அந்தப் பெயரில் பாதி நியாயம் உண்டு. மூளையில் சத்தியைத் தூண்டும் புள்ளி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்புக்கு வெளியே இருக்கிறது. டொம்பெரிடோன் அங்கே டோபமின் என்ற தூதுப்பொருளை வாங்கும் ஏற்பிகளை அடைக்கிறது, தடுப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை. அதனால் இன்னொரு சத்திக் குளிசையான மெட்டோக்குளோபிரமைட்டைப் போல இது கழுத்தையும் தாடையையும் இழுத்துப் பிடிப்பது அரிது.

வில்லங்கம் இதயத்தில். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் தசைக் கலங்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் அவை அடுத்த துடிப்புக்குத் தயாராகும். டொம்பெரிடோன் மிஞ்சினால் அந்த வாசல் அடைபட்டு, தாளம் குழம்பலாம். 2014இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு கட்டியது இதனால்தான்.

ஆனால் வரம்புக்குள் விழுங்கியவருக்கும் இரத்தத்தில் அளவு ஏறக்கூடும். இந்த மருந்தைச் சிதைப்பது ஈரலிலும் குடற்சுவரிலும் உள்ள சிப் 3ஏ4 என்ற நொதி. தோலில் வரும் படைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோலும், நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் கிளாரித்திரோமைசினும் அதன் கையைக் கட்டிவிடும். கிளாரித்திரோமைசினும் எரித்திரோமைசினும் இன்னும் மோசம்: நொதியையும் முடக்கும், இதயத்தின் அதே வாசலையும் அடைக்கும். பம்பளிமாஸின் உறவான கிரேப்புரூட் சாறும் குடலில் இந்த நொதியை முடக்கும். நல்லவேளை, நம் சந்தைகளில் அதைக் காண்பது அரிது. வயலில் சேறு மிதித்துப் படை வந்த கமக்காரர் அதற்கு ஒரு வைத்தியரிடமும் இருமலுக்கு இன்னொருவரிடமும் போகிறார், சத்திக்கு நேரே பாமசிக்குப் போகிறார். மூன்று மருந்துகளும் ஒரே கண்ணில் படுவதில்லை. ஈரல் பழுதானவருக்கோ நொதியே போதாது.

அமிலத்தைக் குறைக்கும் குளிசைகளின் தொல்லை சிறியது. டொம்பெரிடோன் கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும். டொம்பெரிடோனைச் சாப்பாட்டுக்கு முன்பும், அமிலம் குறைக்கும் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பின்பும் எடுத்தால் போதும்.

சத்தியும் வயிற்றோட்டமும் உடலின் பொட்டாசியத்தை இறைத்துவிடுகின்றன. அந்தக் குறைவும் இதயத்தின் தாளத்தைக் கெடுக்கும். வீட்டில் வெட்டிக் கொடுக்கும் இளநீரில் பொட்டாசியம் தாராளம் என்பதால் பலருக்கு அது உதவும். வவுனியாப் பக்கத்துக் கிராமங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயோடு வாழ்பவர்களுக்குக் கதை தலைகீழ்: பொட்டாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் திணறும், அதே இளநீரே இதயத்தைப் பிடிக்கும். நோய் முற்றியவர்களுக்கு இந்தக் குளிசையையும் நாளுக்கு ஒன்று, இரண்டு தடவையாகக் குறைக்க வேண்டியிருக்கும்.