குழந்தைக்கும் இடம் வைத்துத் தைத்த குளிராடை

மைனஸ் 40 டிகிரி குளிர், பனிக்காற்று, முதுகில் கைக்குழந்தை. இதற்கு ஏற்ற உடுப்பை ஜிப், பொத்தான், செயற்கை இழை எதுவும் இல்லாமல் தைக்க முடியுமா? கனடாவின் கிழக்கு ஆர்க்டிக்கில் வாழும் இனுவிட் பெண்கள் தைத்துக் காட்டினார்கள். அதன் பெயர் அமவுட்டி.

எந்த உடுப்பும் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு நம் உடம்பிலிருந்துதான் வருகிறது, அதைச் சுற்றி அசையாத காற்றைப் பிடித்து வைப்பதுதான் உடுப்பின் வேலை. கரிபு எனும் பனிமானின் வெளிமுடிக்குள்ளேயே காற்று அடைபட்ட நுண்ணறைகள் இருக்கின்றன, அடியில் மென்மையான கம்பளி முடி தனியாக இருக்கிறது. ஆனால் எந்த மாதத்துத் தோலும் சரிப்படாது. கோடையின் தொடக்கத்தில் ஒருவகை ஈயின் புழுக்கள் துளைத்த ஓட்டைகள் இருக்கும், நடுக்குளிரில் முடி நீண்டு கனத்துவிடும், அதனால் ஆகஸ்ட், செப்டம்பர் தோல்தான் உடுப்புக்கு. கடுங்குளிரில் இரண்டு அடுக்கு போடுவார்கள்: உள்ளாடையின் முடி உடம்பைத் தொடும்படி, மேலாடையின் முடி வெளியே பார்த்தபடி.

சரி, இவ்வளவு போட்டுக்கொண்டு வேலை செய்தால் வியர்க்காதா? வியர்க்கும், அங்கேதான் உண்மையான ஆபத்து. அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும், நனைந்த உடுப்பு அந்தக் குளிரில் உயிரையே எடுத்துவிடும். அதனால்தான் உடுப்பைத் தொளதொளவென்று, முன்பக்கம் திறப்பே இல்லாமல் தைத்தார்கள். வெப்பக் காற்று மேலே ஏறி, உடுப்போடு சேர்த்துத் தைத்த தலைமூடியில் தங்கும். புழுக்கமாக இருந்தால் தலைமூடியைப் பின்னால் தள்ளி, இடுப்புக் கச்சையைத் தளர்த்தினால் போதும், புகைபோக்கி மாதிரி ஈரக்காற்று கழுத்து வழியாக வெளியேறிவிடும்.

குழந்தை தலைமூடிக்குள் உட்கார்ந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதற்குக் கீழே முதுகில் தனிப்பை இருக்கிறது. அதில் குழந்தை அம்மாவின் வெறும் முதுகில் ஒட்டி, அவள் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். கீழே நழுவாமல் கச்சை தாங்கும், தலைமூடி இருவருக்கும் போதுமான அகலம். எனக்கு மிகவும் பிடித்தது தோள்பகுதிதான். அதை வேண்டுமென்றே அகலமாக வெட்டியிருப்பார்கள், அதனால் உடுப்பைக் கழற்றாமலே குழந்தையை முதுகிலிருந்து முன்பக்கம் கொண்டுவந்து பால் கொடுக்கலாம்.

தலைமூடியின் ஓரத்தில் ஓநாயின் முடியையோ வால்வரின் எனும் காட்டு விலங்கின் முடியையோ வைத்துத் தைப்பார்கள். மூச்சின் ஈரம் பட்டு அதில் உறைபனி படிந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். முடிகள் நீளம் குறைந்தும் கூடியும் இருப்பதால் காற்றின் வேகம் உடைந்து, முகத்தை ஒட்டி அமைதியான ஒரு காற்றுப்படலம் நிற்கிறது. இப்படிப்பட்ட முடி ஓரங்கள் முகத்தின் வெப்ப இழப்பைக் குறைப்பதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

அப்புறம் தையல். நூல் கரிபுவின் முதுகுத் தசைநாண், காயவைத்து இழை இழையாகப் பிரித்தது. சீல் எனும் கடல் விலங்கின் தோலில் செய்த காலணிக்கு நீர் புகாத தையல் போடும்போது ஊசி தோலை முழுதாகத் துளைக்காது, பாதித் தடிமனில் புகுந்து வெளிவரும். ஈரம் பட்டால் நாண் உப்பி ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். ஆர்க்டிக் வேட்டைக்காரர்களின் வீரத்தைப் பற்றி எத்தனையோ எழுதியாகிவிட்டது, அவர்களை உயிரோடு வீடு திரும்ப வைத்த இந்தக் கைகளைப் பற்றியும் அதே அளவு எழுத வேண்டும்.

இந்த அறிவு எவ்வளவு பழையது? 1972இல் கிரீன்லாந்தின் கிலாகிட்சோக்கில் ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகளின் உடல்கள் உடுப்போடு கெடாமல் கிடைத்தன, காலம் சுமார் 1475. அங்கே உள்ளாடை பறவைத் தோல், இறகுகள் உள்நோக்கி, மேலாடை சீல் தோல். பொருள் வேறு, அடுக்கும் முறை அதேதான். நார்வே நாட்டுத் துருவப் பயணி ரோல்ட் அமுண்ட்சென் 1903 முதல் 1906 வரையிலான தன் ஆர்க்டிக் பயணத்தில் நெட்சிலிக் இனுவிட் மக்களிடம் தோலாடை அணியும் முறையைக் கற்றார், 1911இல் தென்துருவத்தை எட்டியபோது அது அவருக்குக் கைகொடுத்தது.

பராமரிப்பும் கொஞ்சம் வேலைதான். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒட்டிய பனியைக் குச்சியால் அடித்து உதிர்க்க வேண்டும், இல்லையென்றால் அது உருகித் தோலை நனைத்து, மறுபடி வெளியே போனதும் விறைத்துப்போகும். மேலாடையைக் குளிர்ந்த வாசல் பகுதியிலேயே வைப்பார்கள், ஏனென்றால் சுரண்டி மிருதுவாக்கியதே தவிர ரசாயனத்தில் பதப்படுத்தாத தோல் அது. சூடும் ஈரமும் சேர்ந்தால் முடி கொட்டத் தொடங்கிவிடும்.