நெருப்பில் பிழைக்கும் புல்

நீலகிரியில் சுமார் 1,800 மீட்டருக்கு மேலே பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. முக்கூர்த்திப் பக்கம் போனால் இது தெளிவாகத் தெரியும். மழைக்குக் குறைவில்லாத இடம். அப்படியிருந்தும் சோலை மரங்கள் ஏன் மேடேறவில்லை?

முதல் காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்தவெளியில் தரை உறைந்துபோகும். சோலை மரக் கன்றுகள் அதில் கருகிவிடும். புல்லும் காய்ந்து சருகாகும். அப்புறம் மார்ச் வெயிலில் ஒரு பொறி விழுந்தால் போதும், பனிக்குத் தப்பிய கன்றுகளையும் தீ முடித்துவிடும்.

சரி, புல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? கன்றின் வளர்நுனி உச்சியில், தீயின் வாய்க்கு நேராக இருக்கிறது. புல்லுக்கோ அது தூரின் அடியில், மண்ணை ஒட்டி ஒளிந்திருக்கிறது. புல்தீ ஓரிடத்தில் நின்று எரிவதில்லை, சருகைத் தின்றுவிட்டு ஓடிவிடும். சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண் பெரிதாகச் சூடாவதே இல்லை. அடியில் சேமித்த உணவைக் கொண்டு புல் மறுபடி துளிர்க்கும். மேலே மூடியிருந்த பழைய புல்தாள் எரிந்துபோனதால் துளிருக்கு வெளிச்சமும் தாராளம். எருமைகளுக்கு அந்த இளம்புல் கிடைக்கட்டும் என்றுதான் தோடர்கள் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைத்து வந்தார்கள்.

காட்டை எரித்து எரித்தே இந்தப் புல்வெளி உண்டானது என்று பலர் நம்பினார்கள். அது சரியல்ல. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த தாவர எச்சங்களைச் சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1993-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரங்களும் இந்த வகைப் புற்களும் கார்பனைச் சேர்க்கும் விதம் வேறு; அந்த வேறுபாடு எச்சத்தின் கார்பன் ஐசோடோப்புகளில் (எடையில் வேறுபடும் கார்பன் அணுக்களின் விகிதத்தில்) அழியாமல் நிற்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகமே குளிர்ந்திருந்த காலத்தில், இங்கே புல்தான் மிகுந்திருந்தது என்று அது காட்டியது. இவ்வளவு பழைய புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்துச் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டது பெரிய அநியாயம்.

அதனால்தான் இன்று தீயைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியச் சீகையின் விதை கெட்டியான ஓட்டோடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயின் சூடு அந்த ஓட்டை விரிசல்விட வைத்து முளைக்கத் தூண்டுகிறது. சீகை ஏறாத சரிவில் புல்லைப் புதுப்பிக்கும் தீ, சீகை விதை நிறைந்த சரிவில் சீகைக் காட்டையே எழுப்பிவிடும். அங்கே மரத்தை வெட்டிய பின்பும் முளைக்கிற நாற்றுகளை வருடா வருடம் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது.